இடையிடையே 70 கிலோமீட்டர்: காற்று வாரத்தின் முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில் நாங்கள் தயாரிக்கும் முன்னறிவிப்பில் ஒரு வரி அடிக்கடி வரும்: "மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், இடையிடையே 70 கிலோமீட்டர் வரை செல்லக்கூடும்." படிப்பவர்கள் மனதில் முதல் எண்தான் நிற்கிறது. கிளையை முறிப்பதும் கூரைத் தகட்டைக் கிளப்புவதும் இரண்டாவது எண். முன்னறிவிப்பு தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான். எச்சரிக்கை சரியாகவே போய்ச் சேர்ந்தும், அதில் முக்கியமான பாதி படிக்கப்படாமல் போகிறது.

முதல் எண் சராசரி. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 10 நிமிடம் அளந்து எடுப்பது. இரண்டாவது எண் சில நொடிகளே நீடிக்கும் உச்ச வீச்சு. வழக்கமாக 3 நொடிச் சராசரியாகக் கணக்கிடுவோம். மூன்று நொடி என்ன பெரிதா என்று தோன்றலாம். ஆனால் காற்று தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 35-லிருந்து 70-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. பட்டுப்போன கிளைக்கும் சரியாகக் கட்டாத சாரத்துக்கும் அந்த மூன்று நொடி போதும். கைபேசிச் செயலிகள் பலவற்றில் முதலில் தெரிவது சராசரி மட்டுமே. உள்ளே போய் உச்ச வீச்சு என்ன என்று பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்தில் ஏன் இவ்வளவு காற்று? இலையுதிர் காலத்தின் முடிவில் துருவப் பக்கம் வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கமோ வெப்பம் அப்படியே இருக்கிறது. கடலும் கோடையின் சூட்டை எளிதில் விடுவதில்லை. துருவப் பக்கத்துக்கும் நிலநடுக்கோட்டுப் பக்கத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு கூடக்கூட, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் வலுக்கிறது. அதன் வழியில் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கடந்துபோவது துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் இடைப்பட்ட நடு அட்சரேகைப் பகுதிகளில் சாதாரணம். தாழ்வின் மையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு காற்று. வரைபடத்தில் ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோடுகள் நெருங்கிக் கிடந்தால், அந்த நாளை நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வோம்.

வாரம் முழுவதும் ஒரே மாதிரி வீசாது. அதனால் "எந்த நாளில்" என்பதோடு "எந்த நேரத்தில்" என்றும் பாருங்கள். வடக்கு அரைக்கோளத்தில் ஒரு தாழ்வு நெருங்கும்போது தெற்கிலிருந்து மிதமான, ஈரமான காற்று வரும். அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்று முன்னேறி வரும் விளிம்பு, வந்து சேரும். சில நிமிடங்களில் காற்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பும், மழை சட்டென்று வலுக்கும், வெப்பம் பல டிகிரி இறங்கும். மழை இறங்கும்போது மேலே உள்ள வேகமான காற்றையும் தரைக்கு இழுத்து வருவதால், பெரிய வீச்சுகள் பல நேரம் இந்தத் திருப்பத்தில்தான் வருகின்றன. தெற்கு அரைக்கோளத்தில் வடக்குக் காற்று தென்மேற்காகத் திரும்பும். மற்றபடி கதை அதேதான். காலையில் இதமாக இருந்தது என்று மெல்லிய உடையோடு வெளியே போனவர்கள் மாலையில் நடுங்கித் திரும்புவதும் இதனால்தான். 5 டிகிரி வெப்பத்தில் 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 1 போலத் தெரியும்.

காற்றின் திசையை வைத்து நீங்களே ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் முன்வைத்த விதி இது: வடக்கு அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வின் மையம் இடது கைப்பக்கம் இருக்கும். தெற்கில் வலது கைப்பக்கம். மேகம் ஓடும் திசையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

சரி, ஒரே 70 கிலோமீட்டர் எல்லா வாரத்திலும் ஒரே ஆபத்தா? இல்லை. எச்சரிக்கையின் நிறத்தைத் தீர்மானிக்க உட்காரும்போது நாங்கள் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான். மரத்தில் இலை எவ்வளவு மீதி இருக்கிறது, முந்தைய நாட்களில் மழை எவ்வளவு, காற்று வழக்கமான திசையிலிருந்து வருகிறதா. இலை நிறைந்த மரம், பாய் விரித்த கப்பலைப் போலக் காற்றை முழுதாக வாங்கிக்கொள்கிறது. ஊறிய மண் வேரைப் பிடித்து வைக்காது. ஆண்டுக்கணக்கில் மேற்குக் காற்றைத் தாங்கி வேர் விட்ட மரம், கிழக்கிலிருந்து வரும் அடிக்குத் தயாராக இருப்பதில்லை. 1987 அக்டோபர் 15 இரவும் 16 அதிகாலையும் தெற்கு இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1.5 கோடி மரங்கள் சாய்ந்தன. காற்று கடுமையானதுதான்; ஆனால் அன்று மரங்களில் இலை உதிர்ந்திருக்கவில்லை, மண்ணும் மழையில் ஊறிப்போயிருந்தது. அதே காற்று ஜனவரியில், மொட்டை மரங்கள் மேல் வீசியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். பருவத்தின் கடைசியில் பெரும்பாலான மரங்கள் இலையை உதிர்த்திருக்கும் என்பது ஓர் ஆறுதல். பசுமை மாறா மரங்களுக்கும் தாமதமாக உதிர்க்கும் மரங்களுக்கும் அந்த ஆறுதல் கிடையாது. உங்கள் வீட்டருகே இருப்பது எது என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

அடுத்து நம்பகத்தன்மை. ஏழு நாள் முன்னறிவிப்பில் ஏழு கட்டங்களும் ஒரே அளவில் அச்சாவதால், ஏழும் ஒரே அளவு உறுதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நேரத்தையும் வேகத்தையும் நம்பித் திட்டமிடலாம். நான்காம், ஐந்தாம் நாளுக்கு "காற்று மிகுந்த நாள்" என்பதை நம்பலாம், மணிக்கணக்கை நம்பக் கூடாது. அதற்குப் பிறகு வாரத்தின் போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம், தாழ்வின் பாதை நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலே எல்லாம் மாறிவிடும். வடக்கு அரைக்கோளத்தில் கிழக்கு நோக்கி நகரும் தாழ்வின் தெற்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் கடுங்காற்று இருக்கும். மையத்துக்கு வடக்கே அதே நேரத்தில் மழையோடு மந்தமாக இருக்கலாம். இந்த ஐயத்தை அளக்கத்தான் ஒரே நாளுக்குப் பல கணிப்புகளை ஓட்டுகிறோம். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி 50 கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றில் 10 மட்டும் புயலைக் காட்டினால், "வாய்ப்பு உள்ளது" என்று எழுதுவோம். ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறியதல்ல. கூரை வேலையோ படகுப் பயணமோ அந்த நாளில் இருந்தால் மாற்று நாளை இப்போதே யோசித்துவிடுங்கள், தினமும் புதிய முன்னறிவிப்பைப் பாருங்கள்.

இது ஒரு வட்டாரம் முழுமைக்குமான கணிப்பு என்பதும் நினைவில் இருக்கட்டும். மலைமுகடு, கடற்கரை, திறந்த பாலம், உயர்ந்த கட்டடங்களின் மூலை ஆகிய இடங்களில் காற்று கணிப்பைத் தாண்டும். உயரமான வண்டி ஓட்டுபவர்களும் இருசக்கர வாகனத்தில் போகிறவர்களும் பாலத்தில் ஏறும்போதும், பெரிய லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும்போதும் கவனமாக இருக்க வேண்டும். பக்கவாட்டு அடி சட்டென்று விழும்.

வீட்டைப் பொறுத்தவரை, காற்று வருவதற்கு முந்தைய வெளிச்ச நேரத்தில் இரண்டு வேலைகள். வெளியே கிடக்கும் லேசான பொருட்களை உள்ளே எடுத்து வைப்பது, கூரைக் கால்வாயிலும் தெரு வடிகாலிலும் சேர்ந்த இலையை வாருவது. குளிர்முக மழை குறைந்த நேரத்தில் கொட்டும். இலை அடைத்த வடிகால் அதைத் தாங்காது. காற்று அடிக்கும்போது ஏணியில் ஏறாதீர்கள், சாய்ந்த மரத்தை வெட்டப் போகாதீர்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், அதில் மின்சாரம் இல்லை என்று தோன்றினாலும் சரி. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓட்டினால் அது கட்டடத்துக்கு வெளியே, சன்னல்களிலிருந்து விலகி இருக்க வேண்டும். அதன் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் இரவு ஒன்று உண்டு. காற்று வீசும் வரை தரையருகே காற்று கலந்துகொண்டே இருப்பதால் இரவு வெப்பம் அவ்வளவாக இறங்காது. தாழ்வு கடந்துபோய், வானம் தெளிந்து, காற்று நின்றதும் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. பருவத்தின் முதல் உறைபனி பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவில்தான் விழும். முந்தைய நாள் மழையில் நனைந்த சாலையில் அது கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமாக மாறும். கீழிருந்தும் குளிர்வதால் பாலங்கள் முதலில் உறையும். உதிர்ந்த ஈர இலை கிடக்கும் நடைபாதையும் வழுக்கும். முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பம் 3 டிகிரி என்று போட்டிருந்தாலும், அது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள அளவு. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை அப்போதே பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஆகவே காற்று ஓய்ந்த மாலையில் முன்னறிவிப்பை இன்னொரு முறை திறந்து, மறுநாள் காலைக்கான வெப்பத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.