கூட்டுக்காரனிடம் நேராகக் கேளுங்கள்

நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். மனம் உடைந்து போனவர்களில் பலர் என்னிடம் தாமாக வருவதில்லை. கூட்டுக்காரர், அதாவது நண்பர் ஒருவர்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறார். அப்படி அழைத்து வருகிறவர் என்னைத் தனியாகப் பார்த்து, "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டா என்ன செய்ய?" என்று கேட்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நேராகக் கேளுங்கள். "மக்கா, சாகணும்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. உள்ளுக்குள் அதோடு தனியாகப் போராடியவருக்கு, ஒருவராவது கேட்டாரே என்று இருக்கும். "தப்பா ஒண்ணும் யோசிக்கலியே?" என்பது கேள்வியே இல்லை. நீங்கள் எதிர்பார்ப்பது "இல்லை" என்ற பதிலைத்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதையே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவர் "ஆமா" என்றால் பதறி அறிவுரையில் இறங்க வேண்டாம். "உனக்கென்ன குறை, சொந்த வீடு இருக்கு, வளைகுடாவுல வேலை இருக்கு" என்பதெல்லாம் ஆறுதல் இல்லை. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன், அங்கே கிடைக்காத சம்பளம், இங்கே கட்டி முடியாத மாடி என்று அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜெபமும் கோயிலும் பலருக்குப் பெரிய பலம்தான். ஆனால் பேச்சை அங்கே முடிப்பதற்காக "ஜெபம் பண்ணு" என்று சொல்லாதீர்கள். "எப்பத்திலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். நடுவில் அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு வகைத் துயரம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்த பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத துக்கத்துக்கு முடிவு தேதி கிடையாது. ஒவ்வொரு நவம்பரிலும் அது திரும்ப வரும். அந்த நாட்களில், "இன்னுமா அதையே நினைக்க?" என்று கேட்காமல், போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

அப்புறம் ரகசியம். "யாருட்டயும் சொல்லாதே, வெளியே தெரிஞ்சா நாணக்கேடு" என்று சத்தியம் வாங்கப் பார்ப்பார். உயிர் விஷயத்தில் அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். "தேவையில்லாதவங்ககிட்ட சொல்ல மாட்டேன், உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சேர்ந்தே போய்ச் சொல்லுவோம்" என்று சொல்லலாம். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்தே சில வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவருக்குத் தேவை சிகிச்சை, தண்டனை அல்ல.

ஆபத்து பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, தோட்டத்துப் பூச்சி மருந்து போன்றவற்றைக் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அந்த உச்ச வேதனை பெரும்பாலும் நீடிப்பதில்லை. அதைத் தாண்டும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரமென்றால் 108.

டாக்டரைப் பார்த்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். "இதுவும் பலிக்கல" என்று பலர் நிறுத்திவிடுவது அந்த வாரங்களில்தான். தினம் ஒரு போன் போடுங்கள், "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போதும் கூடப் போங்கள். இதையெல்லாம் நீங்கள் ஒருவரே சுமக்கக் கூடாது. அவர் நம்பும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டால், அதே 14416-க்கு உங்களுக்காகவும் கூப்பிடலாம்.