பிடியை விடத் தெரிந்த தசை

“உயிர் போனதும் உடம்பில் சக்தியே இருக்காதே? அப்படியென்றால் பிணம் தளர்ந்துதானே கிடக்க வேண்டும், ஏன் கட்டைபோல விறைத்துப்போகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனால் தசை வேலை செய்யும் விதமே புரிந்துவிடும்.

பள்ளியில் படித்ததை வேகமாகப் பார்த்துவிடலாம். தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் முழங்கையை மடக்க மேற்கையின் முன்பக்கம் ஒரு தசை, நீட்டப் பின்பக்கம் ஒரு தசை. நரம்பு வழியே கட்டளை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் வெளிப்படும், தசை சுருங்கும். கட்டளை நின்றால் கால்சியம் திரும்பத் தன் சேமிப்புப் பைகளுக்குள் போய்விடும், தசை தளரும். சரி, ‘சுருங்கும்’ என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

புரத இழைகளே மடிந்து குட்டையாகின்றன என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். 1954-ல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் அதை மாற்றின. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும். மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் சொன்னது ஒரே விஷயம்: இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. மெல்லிய ஆக்டின் இழை, தடித்த மயோசின் இழையை ஒட்டி நகர்கிறது.

எது நகர்த்துகிறது? ஒவ்வொரு மயோசின் இழையிலும் சுமார் 300 சிறு தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. கால்சியம் வந்ததும் ஆக்டினில் பிடிமான இடங்கள் திறக்கும். மயோசின் தலை அங்கே பற்றிக்கொண்டு சாயும், ஆக்டின் சில நானோமீட்டர் நகரும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இவ்வளவு சிறிய இழுப்புகள் கோடிக்கணக்கில் சேர்ந்துதான் நாம் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறோம்.

கிணற்றில் வாளி இழுப்பவர் கயிற்றை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் வாளி மேலே வராது. ஒரு கை விட்டு, எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்குள் மறுகை தாங்க வேண்டும். மயோசின் தலைகளும் அப்படித்தான் மாறி மாறி விட்டு விட்டுப் பிடிக்கின்றன. இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, அந்த விடுதல்தான். பற்றிக்கொண்ட தலை தானாக விடாது. செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்று வந்து அதனிடம் ஒட்டினால்தான் பிடி நழுவும். விட்ட பிறகு தலை அந்த ஏடிபியை உடைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் நிமிர்ந்து நிற்கும். மறுபடி ஆக்டினைப் பற்றி, உடைந்த துண்டான பாஸ்பேட்டை வெளியே விடும்போது இழுப்பு நடக்கும். அதாவது இழுப்புக்கான ஆற்றல், பிடிப்பதற்கு முன்பே சேமிக்கப்பட்டுவிடுகிறது!

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். மூச்சு நின்றால் ஏடிபி உற்பத்தி படிப்படியாக நின்றுபோகும். அடைத்து வைத்த கால்சியம் கசியும். தலைகள் ஆக்டினைப் பற்றிக்கொள்ளும், ஆனால் விடுவிக்க ஏடிபி இல்லை. பிடி இறுகியபடியே நின்றுவிடுவதுதான் விறைப்பு. இறந்து சில மணி நேரத்தில் இமை, தாடை போன்ற சிறு தசைகளில் இது முதலில் தெரியும், பன்னிரண்டு மணி நேர அளவில் உடல் முழுக்கப் பரவிவிடும். ஓரிரு நாளில் புரதங்களே சிதையத் தொடங்குவதால் விறைப்பு போய்விடும். வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். இறந்த உடனே உடல் தளர்ந்து வாய் திறந்துகொள்ளும். விறைப்பதற்குள் மூடாவிட்டால் அப்படியே நின்றுவிடும். நம் ஊரில் உடனே தாடையைத் துணியால் கட்டுவது இதற்கு நன்றாகவே உதவுகிறது.

சிதையில் உடல் மடங்கி எழுவதுபோலத் தெரிவது வேறு கதை. நெருப்பின் சூட்டில் தசைப் புரதம் வெந்து சுருங்குவதால் கைகால் மடங்குகிறது. “ஆசை அடங்கவில்லை, அதனால்தான் எழுந்தது” என்று யாராவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தை எவ்வளவு காலம் வதைக்கும்? தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகும் நோய் ஒன்றுக்கு, இழுக்க வரும் மயோசின் தலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் மாவாகாம்டென் என்ற மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தசை இழைகளை வெறும் ஆர்வத்தால் ஆராய்ந்தவர்கள் போட்ட அடித்தளம் அது. மயோசினோடு ஒட்டி வேலை செய்யும் இன்னொரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது, இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினரில் சுமார் நூற்றுக்கு நான்கு பேரிடம் உண்டு என்றும், அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்றும் 2009-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு பெரிது. நம் நாடோ உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. அந்த மரபணு மாற்றம் ஐரோப்பியர்களிடம் ஏறத்தாழ இல்லை. அதனால் அவர்கள் முதலில் ஆராயட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது.