பிரிக்காத பொட்டலம்

பயணம் சொல்லிக்கொள்ள வீடு வீடாகப் போகும் வழக்கம் எங்கள் கடற்கரையில் இன்னும் இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிப்பட்டினம், தொண்டி என எந்த ஊரானாலும், அரபு நாட்டுக்குக் கிளம்பும் பிள்ளை முதல் நாள் மாலை உறவினர் வீடுகளுக்குப் போவான். ஒரு வீட்டில் தொதல் என்ற இனிப்பு கொடுப்பார்கள். இன்னொரு வீட்டில் கருவாடு. மூன்றாவது வீட்டில், செய்தித்தாளில் சுற்றி நூல் போட்டு இறுகக் கட்டிய பொட்டலம் ஒன்றை நீட்டி, "என் மகன் விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வான்" என்பார்கள். அதைப் பிரித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றாது. தோன்றினாலும் கேட்க வாய் வராது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்காக என் அலுவலகத்துக்கு வந்த குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகளில் குற்றம் செய்யவென்றே கிளம்பிப் போனவர்கள் மிகக் குறைவு. யாரோ ஒருவருக்காக எதையோ செய்தவர்களே அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் மகனின் பாஸ்போர்ட் நகல், விசா, ஒரு புகைப்படம். விடுமுறை முடிந்து திரும்பிய மகனை வளைகுடா விமான நிலையம் ஒன்றில் நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் டிரமடால் என்ற வலி மாத்திரை அட்டைகள் இருந்தன. அறையில் உடன் தங்கியிருந்த நண்பர் முதுகு வலிக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் சீட்டு இல்லை. வாங்கிக் கொடுத்தது நண்பரின் தம்பி.

"அந்த நண்பர்தான் என் பிள்ளைக்கு விசா எடுத்துக் கொடுத்தார், வக்கீல் தம்பி. முதல் டிக்கெட்டும் அவர் காசு. மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?" என்றார் அந்த அம்மா.

அதற்குப் பின் தெரிந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. விசாரணையில், யாருக்காகக் கொண்டுவந்தாய் என்று கேட்டபோது அந்த இளைஞர் பெயரைச் சொல்லவில்லை. எல்லாம் என்னுடையவை என்று அரபியில் எழுதிய தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொலைபேசியில் பேசக் கிடைத்த சில நிமிடங்களில் தாயிடம் சொன்னாராம்: "அவர் பெயரைச் சொன்னால் செய்நன்றி கொன்றவன் ஆகிவிடுவேன் உம்மா." பல மாதங்கள் சிறையில் இருந்தார். பிறகு நாடு கடத்தப்பட்டார். அந்த நாட்டுக்குள் மீண்டும் நுழைய முடியாது. நண்பர் அங்கேயே வேலையில் இருந்தார்.

அந்த இளைஞரின் நன்றியுணர்வை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அந்தக் குணம்தான் இந்த ஊர்களைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த நன்றிக்கடனை அவர் இன்னொரு நாட்டின் சட்டத்தை வைத்து அடைக்கப் பார்த்தார். அந்தச் சட்டம் அவர் கையில் உள்ள பொருளும் அல்ல, நண்பருக்கு அவர் பட்ட கடனோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

"ஒரு வலி மாத்திரைக்கா சிறை? என்ன சட்டம் இது?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் கடல் அட்டை என்ற கடல்வாழ் உயிரினத்தை உதாரணம் காட்டுவேன். எதிர்க்கரையான இலங்கையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், உரிமம் பெற்று அட்டை எடுக்கிறார்கள். பண்ணை வைத்தும் வளர்க்கிறார்கள். நம் கரையில் 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். ஒரே கடல், ஒரே உயிர். அங்கே தொழில், இங்கே வழக்கு. இலங்கைக்காரர் ஒருவர் நம் மண்டபம் கடற்கரையில் அட்டையோடு பிடிபட்டு, எங்கள் ஊரில் இது தவறில்லை என்றால் நம் நீதிமன்றம் விட்டுவிடுமா? துரையா என்ற செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனம் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்தது. அதே தொலைபேசியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டவர்கள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். நம் சட்டத்துக்கு நாம் எதிர்பார்க்கும் மரியாதையை அடுத்தவர் சட்டத்துக்கும் கொடுக்கத்தான் வேண்டும். டிரமடாலோ நம் நாட்டிலேயே 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

கசகசா இதைவிடக் கொடுமை. நம் சமையலறையில் அது குருமாவுக்கு அரைக்கும் பொருள்; இந்தியச் சட்டம் அந்த விதையைத் தடை செய்யவில்லை. அமீரகத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் திரித்த பிரியாணி மசாலாவில் அது கலந்திருப்பது கொடுத்தனுப்பும் தாய்க்கே நினைவிருக்காது. மகனுக்கு மசாலா திரிக்கும் அம்மாக்கள் இந்த ஒரு வரியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அரபு நாட்டுக்குப் போகும் மசாலாவில் கசகசா கூடாது.

தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்டபோது ஆம் என்றிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம், பொருள் உங்களிடம் இருந்தால் அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது; தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே மரண தண்டனை வரை போகும்.

2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி தோஹா விமான நிலையத்தில் கைதானார்கள். நெருங்கிய உறவுக்காரப் பெண் புகையிலை என்று சொல்லிக் கொடுத்துவிட்ட பொட்டலத்தில் நான்கு கிலோ ஹஷீஷ் இருந்தது. பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மனைவி கர்ப்பிணி, குழந்தை சிறையிலேயே பிறந்தது. இந்தியாவில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு விசாரித்து அனுப்பியவர்களைப் பிடித்தது. 2021 மார்ச்சில் கத்தார் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றமற்றவர்கள் என்று ஆவதற்கு ஒன்றே முக்கால் ஆண்டு ஆனது. அவர்களுக்காக இங்கே விடாமல் அலைய ஒரு குடும்பம் இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

பிடிபட்டால் என்ன செய்வது? புரியாத மொழியில் எதிலும் கையெழுத்திடாதீர்கள்; மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. தூதரகத்தார் வந்து பார்ப்பார்கள், வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள், வீட்டுக்குச் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்டு நீதிமன்றத்தை மீறி விடுவிக்க அவர்களால் முடியாது. ஊரில் இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். அயலகத் தமிழர் நலத்துறையையும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். நண்பரின் பெயரைச் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது. தன் பெயரை மறைத்து உங்களை முன்னால் நிறுத்தியபோதே அவர் நட்பின் கடமையிலிருந்து தவறிவிட்டார்.

பொட்டலம் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். முதலாளியிடமிருந்து ஓடிவந்த ஊர்க்காரருக்கு அறையில் பாய் விரித்து இடம் கொடுப்பது நமக்கு மனிதாபிமானம். அங்கே ஆவணமில்லாதவருக்கு அடைக்கலம் கொடுத்த குற்றம். அவரைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறைத்து வைப்பதற்குப் பதில் தூதரகத்துக்கு அழைத்துப் போங்கள். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தது. அப்படிப்பட்ட வாய்ப்பில் அபராதமின்றி ஊர் திரும்ப ஒளித்து வைத்தவரின் உதவி தேவையில்லை, கூட அழைத்துப் போகிறவரின் உதவிதான் தேவை. ஊரில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்று வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டுவதும் அப்படியே. அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகள் மட்டுமே நன்கொடை திரட்டலாம். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தனிமனிதர் திரட்டினால் குற்றம்.

மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவின் இளைய மகன் போன வருடம் முதன்முறையாக வெளிநாடு கிளம்பினான். அவன் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். நான் இருக்கும்போதே அண்டை வீட்டுப் பெண் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அந்த அம்மா அதை வாங்கிப் பாயில் வைத்து, "ராத்தா, தப்பாக நினைக்காதீர்கள். பிரித்துப் பார்த்துத்தான் பிள்ளை கொண்டுபோவான்" என்றார். வந்தவரின் முகம் சுருங்கிவிட்டது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடப் பழக்கம் என்றார் என்னிடம்.

இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண் திரும்பி வந்தார். இந்த முறை மூடாத எவர்சில்வர் பாத்திரத்தில் தொதல் இருந்தது. கூடவே அவர் மகனின் சர்க்கரை நோய் மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, கடை ரசீது. மாத்திரைகளை அம்மா தனியாக எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் மகன் அங்கேயே மருத்துவரைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். தொதலை இருவரும் சேர்ந்து வாழையிலையில் சுற்றி, பையன் கண்முன்னே பெட்டியில் வைத்தார்கள்.