"நான் ஓடிபி சொல்லவே இல்லையே!"

கணினி பழுதுபார்க்கும் வேலையில் எனக்கு அலுத்துப்போன வசனம் இது. போன வாரமும் ஒருவர் சொன்னார். வேறோர் இடத்திலிருக்கும் கணினியை இங்கிருந்தே பார்த்து இயக்க உதவும் தொலை இணைப்பு மென்பொருளைப் புதிதாக நிறுவியிருக்கிறார், இணைப்பு கிடைக்கவில்லை. தேடுபொறியில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தட்டி, முதலில் வந்த எண்ணை அழைத்திருக்கிறார். எடுத்தவன் பணிவாகப் பேசி, அந்த மென்பொருள் திரையில் காட்டிய இணைப்பு எண்ணைக் கேட்டு, 'அனுமதி' பொத்தானை அழுத்த வைத்திருக்கிறான். கணக்கில் இருந்த பணம் போயே போயிற்று.

ஓடிபியை நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. அனுமதி கொடுத்த நொடியிலிருந்து உங்கள் திரையில் வருவதெல்லாம் அவனுக்கும் தெரியும். மொபைலில் இணைத்திருந்தால், மேலே எட்டிப்பார்க்கும் குறுஞ்செய்தியை உங்களுக்கு முன்பே அவன் படித்துவிடுவான். கணினி என்றால் திறந்து கிடக்கும் மின்னஞ்சல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அவன் கைக்கெட்டும் தூரத்தில். "ஆன்டிவைரஸ் ஒன்றும் சொல்லவில்லையே" என்பார்கள். எதற்குச் சொல்லும்? மென்பொருள் அசல்தானே! கதவைத் திறந்துவிட்டது நீங்கள். "உடனே மூடிவிட்டேன்" என்பதும் போதாது. ஆள் இல்லாதபோதும் நுழைய நிரந்தர பாஸ்வேர்டு ஒன்றை அதற்குள் அவன் வைத்திருந்தால், கணினியை மறுபடி இயக்கினாலும் வழி திறந்தே இருக்கும்.

இத்தனைக்கும் இந்த மென்பொருளை நிறுவிய முதல் நாள் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். மேக் என்றால் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்', 'அக்சஸிபிலிட்டி' இரண்டு அனுமதிகளையும் கொடுத்தீர்களா? மறுமுனைக் கணினி தூங்கிவிட்டதா? விண்டோஸ் ஹோம் பதிப்பை மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து இயக்க முடியாது, எத்தனை முறை நிறுவினாலும் சரி. பாதியில் மவுஸ் உறைந்தால், அங்கே நிர்வாகி அனுமதி கேட்டு ஒரு பெட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் இணைய வாசலை, திறந்துவிடச் சொல்லும் வீடியோக்களை மட்டும் நம்பாதீர்கள். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'புளூகீப்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுக்க வேண்டிவந்தது. தேவையென்றால் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாகப் போங்கள்.

உதவி வேண்டுமா? மென்பொருளுக்குள்ளேயே 'ஹெல்ப்' இருக்கிறது. நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே தட்டிப் போங்கள், விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். இலவசப் பதிப்புக்குப் பெரும்பாலும் தொலைபேசி உதவியே கிடையாது. அதனால் ஆள் உடனே எடுத்துவிட்டால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். அலுவலகக் கணினியா, ஐடி பிரிவைக் கேளுங்கள். சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தானாக அழைத்து "உங்கள் கணினியில் கோளாறு" என்பவனிடம் பேசவே வேண்டாம்.

ஏற்கெனவே அனுமதித்துவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைக்காதீர்கள், தயவுசெய்து. அந்த மென்பொருளை அவசரப்பட்டு நீக்கவும் வேண்டாம். எனிடெஸ்க் போன்ற தொலை இணைப்பு மென்பொருள்கள் உள்ளே வந்த இணைப்புகளை ஒரு கோப்பில் எழுதிவைக்கும், புகார் கொடுக்க அது வேண்டும். ஃபார்மட் அடித்துக் கொண்டுவந்து, "யார் வந்தது என்று பாருங்கள்" என்றால் நான் எதைப் பார்ப்பது?