‘பேச்சு தெளிவில்லை’ என்று சீட்டு எழுதும் முன்

ஜூன் பிறந்தால் போதும், ஓசூர், சூளகிரி, பேரிகைப் பக்கத்திலிருந்து என் பேச்சுப் பயிற்சி அறைக்குப் பள்ளி எழுதிக் கொடுத்த சீட்டோடு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். ‘பேச்சு தெளிவில்லை, மொழி கலக்கிறது, பயிற்சி தேவை.’ போன வாரமும் ஒரு யு.கே.ஜி. குழந்தை, வீட்டில் தெலுங்கு. உட்கார்ந்ததுமே தம்பி மேல் புகார்: “மிஸ், அவன் நா பென்சில் தீஸ்கிட்டான்.”

இதில் என்ன கோளாறு? ‘நா’ என்பது ‘நான்’ தேய்ந்துபோனது அல்ல, தெலுங்கில் ‘என்’. ‘தீஸ்கோ’ என்ற தெலுங்கு வினையை எடுத்து, ‘எடுத்துக்கிட்டான்’ போலவே முடித்திருக்கிறாள். ஆண்பால் சரி, இறந்தகாலம் சரி. இரண்டு மொழியும் பிடிபடாத வாயில் இது வராது. நியூயார்க்கில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசுபவர்களைப் பற்றி மொழியியலாளர் ஷானா போப்லாக் 1980-இல் எழுதினார். இரண்டிலும் தேர்ந்தவர்கள்தான் ஒரே வாக்கியத்துக்குள் அதிகம் கலக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. நம்மூரில் அதற்குச் சீட்டு.

“ரெண்டு மொழி பேசினா குழந்தை குழம்பிடும், வீட்டுல தெலுங்கை நிறுத்துங்க.” பள்ளியில் இப்படிச் சொல்வதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். எத்தனை தடவை சொல்வது? இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. தமிழில் இருபது சொல், தெலுங்கில் முப்பது சொல் பேசும் குழந்தையிடம் ஐம்பது சொல் இருக்கின்றன. தமிழை மட்டும் எண்ணினால் பாதிக்கு மேல் காணாமல் போகும். பள்ளி சொன்னதை நம்பி அவ்வாவே (பாட்டியே) பேத்தியிடம் வாயடைத்துப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வாவுக்குத் தமிழ் அரைகுறை, பேத்திக்கு இனி யார் கதை சொல்வது?

“டாடி ஆபீஸ் போயிட்டாரு, ஈவினிங் வருவாரு” என்ற பிள்ளையை மட்டும் யாரும் அனுப்புவதில்லை. அதுவும் கலப்புதானே? தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்தால் நோய், ஆங்கிலம் கலந்தால் கெட்டிக்காரத்தனம்!

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. “தெலுங்கு வீட்டுப் பிள்ளை, போகப் போகச் சரியாகும்” என்று விட்டுவிட்ட ஒரு பையனுக்குக் கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை. உண்மையான குறை என்றால் வீட்டு மொழியிலும் தெரியும். அதனால் முதல் கேள்வி அம்மாவிடம்: “வீட்டில் எப்படிப் பேசுகிறான்?” இரண்டு வயதாகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லையா? காத்திருக்காதீர்கள். காதுப் பரிசோதனைதான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. (சோதனையைத் தமிழில் மட்டும் செய்து ‘தாமதம்’ என்று எழுதும் எங்கள் துறைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

ஆசிரியர்களே, வகுப்பில் “தெலுங்கு பேசாதே” என்று அதட்டாதீர்கள், அபராதமும் வேண்டாம். மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 தடை செய்கிறது. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான், பிரிவு 29. குழந்தை ‘நீள்ளு’ கேட்டால் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “தண்ணி வேணுமா? இந்தா” என்று சொல்லுங்கள். தமிழ் அப்படித்தான் வரும்.

தயவுசெய்து, அடுத்த சீட்டில் ஒரு வரி சேருங்கள்: வீட்டில் பேசும் மொழி எது, அந்த மொழியில் குழந்தை எப்படிப் பேசுகிறது.