மூச்சோடு வரும் ரத்தம்

"அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைத்த கொஞ்ச நேரத்தில் பிபி இறங்கிவிட்டது. மெஷின்தான் காரணமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மெஷினுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். அது பழுதானதால் அல்ல, ஒழுங்காக வேலை செய்ததால்.

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்கும், மார்புக்குள் அழுத்தம் குறையும், காற்று உள்ளே வரும். இது பள்ளிப் பாடம். அதே இழுப்பில் வயிற்றுப் பக்கத்துச் சிரை ரத்தமும் இதயத்துக்கு இழுபட்டு வருகிறது.

என்னைப் பிரமிக்க வைப்பது இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. தமனியில் 120 என்று பிபி பார்க்கிறோம். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் அழுத்தமோ சுமார் 7 மி.மீ. பாதரசம்தான், வந்து சேரும் வலது மேலறையில் அது சுழியத்தை ஒட்டி இருக்கும். இந்தச் சின்னச் சரிவில்தான் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் திரும்புகிறது. வாய்க்கால் பாய்ச்சியவர்களுக்குத் தெரியும்: வயலில் தண்ணீர் மட்டம் நாலு விரல் ஏறினாலே மடையில் ஓட்டம் தளர்ந்துவிடும்.

வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது. மார்புக்குள் அழுத்தம் ஏறி, மேலறையில் 3 மி.மீ. கூடினாலும் சரிவு ஏறக்குறைய பாதியாகிவிடும். உடல் சிரைகளை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். ஆனால் ரத்தம் இழந்தவர்களுக்கும் நீர் வற்றியவர்களுக்கும் அது கைகூடாது. மயக்க மருந்து வேறு ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். இப்படிக் காற்றைத் தள்ளினால் இதயம் வெளியேற்றும் ரத்தம் குறையலாம் என்பதை மருத்துவர் ஆந்த்ரே கூர்னாண்ட் குழுவினர் 1948-லேயே அளந்து காட்டினார்கள்.

சரி, பிபி இறங்கினால் சலைன் ஏற்றலாமா? எல்லோருக்கும் அது உதவாது. நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். அதனால் கட்டிலைச் சாய்த்து, கால்களை 45 டிகிரி உயர்த்திப் பார்ப்பார்கள். நோயாளியின் சொந்த ரத்தமே சுமார் 300 மில்லி இதயத்தை நோக்கி வரும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடினால் சலைன் பலிக்கும். கூடாவிட்டால் காலை இறக்கினால் போதும், ரத்தம் பழைய இடத்துக்கே போய்விடும். செலவே இல்லாத பரிசோதனை! இதில் விற்க ஒன்றும் இல்லை என்பதால், இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுப் பணம்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு இதே அழுத்தம் உதவியாகிறது: வரும் ரத்தம் குறைகிறது, இடது கீழறையின் சுமையும் இறங்குகிறது. அப்புறம் வென்டிலேட்டரை எடுக்கும் நாளில் அந்த ரத்தம் முழுவதும் திரும்பி வரும். தளர்ந்த இதயம் அதைத் தாங்குமா என்று பார்க்கத்தான், தொண்டை வழியே வைத்த வென்டிலேட்டர் குழாயை எடுப்பதற்கு முன் அரைமணி நேரமாவது அவர்களைத் தாமாக மூச்சுவிட வைக்கிறார்கள்.