பசுமை வரி என்றொரு பிழை

"பசுமை வரி" என்ற தொடர் வானொலிச் செய்தியில் வந்தபோது பொறுத்தேன். பத்திரிகைத் தலைப்புக்கு ஏறியபோதும் பொறுத்தேன். இப்போது கொழும்பில் கைக்குக் கிடைத்த ஒரு கருத்துக்கணிப்புப் படிவத்தின் தமிழ்ப் பக்கத்திலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. "பசுமை வரியை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" என்பது ஒரு கேள்வி. "அதனை யார் செலுத்த வேண்டும்?" என்பது அடுத்தது. வெள்ளவத்தைச் சந்தையில் கீரை விற்கும் அம்மா ஒருவரிடம் இதை நீட்டினால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் வரி போடப் போகிறார்கள் என்றுதான். "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போடுவார். அறிக்கையில் அது "சுற்றாடல் வரிக்கு மக்கள் எதிர்ப்பு" என்று வெளிவரும்.

இலக்கணம் அந்த அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது. "வரி"க்கு முன்னால் வெறும் பெயர்ச்சொல் நின்றால், வரி அதன்மேல் விழுகிறது என்பதே தமிழில் முதலில் தோன்றும் பொருள். வருமான வரி வருமானத்தின்மேல், ஆதன வரி ஆதனத்தின்மேல், உப்பு வரி உப்பின்மேல். இந்த வரிசையில் பசுமை வரி பசுமையின்மேல் விழும் வரியாகவே நிற்கும். மரம் நட்டவன் கட்ட வேண்டியது என்று ஆகும். சொல்ல வந்ததோ இதற்கு நேரெதிர்: புகை விட்டவன், கழிவை ஆற்றில் கலந்தவன் கட்ட வேண்டியது.

உடனே ஒருவர் எழுந்து, "தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று 2009 முதல் 2019 வரை கட்டினோமே, அது தேசத்தின்மேல் விழுந்த வரியா?" என்று கேட்பார். அந்தத் தொடரில் "கட்டியெழுப்பும்" என்ற எச்சம் இருக்கிறது, ஐயா. வரி எதற்காக என்பதை அது சொல்லிவிடுகிறது. நீளம்தான், அழகும் இல்லைதான். ஆனாலும் யாரையும் ஏமாற்றவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் உள்ளூராட்சி சபைகள் அறவிடும் "சோலை வரி"யையும் சிலர் துணைக்கு அழைப்பார்கள். சோலையே இல்லாத வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் அது தலைமுறைகளாகப் புழங்கித் தேய்ந்து தனக்கென ஒரு பொருளைப் பெற்றுவிட்ட சொல். நேற்று மேசையில் கட்டிய சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. "பச்சை வரி" என்று எழுதுவோரும் உண்டு. கொழும்பில் பச்சை என்றால் முதலில் ஒரு கட்சிதான் நினைவுக்கு வரும் என்பதையாவது அவர்கள் யோசித்திருக்கலாம்.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "வரி" என்றால் கோடு. வரிக்குதிரையில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. அரசுக்குக் கொடுப்பதற்கு "இறை" என்றும், கொடுக்கும் செயலுக்கு "இறுத்தல்" என்றும் பழஞ்சொற்கள் உண்டு. வரி நீக்கப்பட்ட நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் "இறையிலி" என்கின்றன. "மாசு" என்பது அழுக்கு, குற்றம். பொருளியலில் இந்த வரிக்கு வித்திட்டவர் ஆங்கிலேயரான பிகூ. 1920 இல் எழுதினார். ஆலைக்காரர் புகை விடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் மருந்துக்குச் செலவழிக்கிறார். அந்த மருந்துச் செலவை ஆலையின் கணக்கில் ஏற்றிவிடு என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அப்படியானால் பொருத்தமான சொல் எது? "மாசு வரி." இரண்டே எழுத்துச் சொற்கள் இரண்டைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை, இரண்டும் கையிலேயே இருக்கின்றன. எதன்மேல் வரி என்று பெயரே சொல்கிறது, யார் கட்ட வேண்டும் என்பதையும் பாதி சொல்லிவிடுகிறது. "மாசு வரி என்றால் காசைக் கட்டிவிட்டு மாசாக்கலாம் என்று ஆகாதா?" என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னோடு வாதிட்டார். ஆகும்தான். வரியின் இயல்பே அது. தடை செய்ததை மீறினால் கட்டுவது தண்டப்பணம். தடை செய்யாததைச் செய்து அதன் செலவை ஏற்பது வரி. சங்கடமான அந்த உண்மையைப் பசுமைச் சாயம் பூசி மறைப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை அல்ல.

"சுற்றாடல் வரி"யும் இதே குழியில்தான் விழுகிறது. எனினும் 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் முதல் நம் நாட்டில் வேரூன்றிய சொல் "சுற்றாடல்" என்பதால், எல்லா வகைகளுக்குமான பொதுப்பெயராக அதை விட்டுவைக்கலாம். தமிழ்நாட்டார் "சுற்றுச்சூழல்" என்பார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை, எரிபொருள் புகையின் காபனுக்கு விதிக்கும் வரிக்கு அவர்கள் வைத்த "கரிம வரி"யோடு. அங்கே கரிம வேதியியல் என்பதை இங்கே சேதன இரசாயனம் என்று படித்தோம். இங்குள்ள வாசகர் ஒருவர் "கரிம வரி"யை அகராதி வைத்துப் பிரித்தால் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, வரி என்ற இடத்தில் போய் நிற்பார். 2021 இல் இரசாயன உரத்தைத் தடுத்து, சேதனப் பசளையின் பெயரால் பட்ட பாடு போதாதா? "காபன் வரி" என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். கடன்சொல் என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகளுக்கு ஒரு வார்த்தை: நானும் உங்கள் கட்சிதான், ஆனால் விளங்காத தூய தமிழைவிட விளங்கும் கடன்சொல் மேல்.

அந்தப் பெயரை நம் நாடு ஒருமுறை வீணடித்தும் விட்டது. 2017 நவம்பரில் மங்கள சமரவீர முன்வைத்த "நீலப் பசுமை" வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட காபன் வரி 2019 இல் நடைமுறைக்கு வந்தது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது அறவிட்டார்கள். எதை அளந்து? இயந்திரத்தின் கொள்ளளவையும் வாகனத்தின் வயதையும் எரிபொருள் வகையையும். ஆண்டு முழுவதும் வீட்டில் உறங்கும் காரும், நாள்தோறும் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து புகைவிடும் அதே வகைக் காரும் ஒரே தொகைதான். பெயரில் காபன் இருந்தது, கணக்கில் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் வந்த வரிக்குறைப்புகளோடு அதுவும் போயிற்று. அழுதவரை நான் காணவில்லை. அதற்கு முன்னர் 2008 இல் சுற்றாடலைக் காக்கவென்று கைத்தொலைபேசிக் கட்டணத்தில் இரண்டு சதவீதம் பிடித்தார்கள். அம்மாவோடு பேசினால் எந்தக் காடு அழிகிறது என்று அப்போது யாரும் விளக்கவில்லை.

இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தொடருக்கு வருகிறேன்: "மாசுபடுத்துபவர் செலுத்தும் கொள்கை". 1972 இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு வகுத்து, 1992 இன் ரியோ பிரகடனத்தில் 16 ஆவதாக இடம்பெற்ற, மாசாக்கியவரிடமே அதன் செலவை வாங்கு என்ற நெறிக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் சூட்டிய பெயர் இது. செலுத்துவது எதை? பணம் என்ற சொல்லே இல்லை. சாரதி பஸ்ஸைச் செலுத்துகிறார், மாலுமி கப்பலைச் செலுத்துகிறார். அதுபோல மாசுபடுத்துபவர் கொள்கையைச் செலுத்துகிறார் என்றுதான் படிக்க வருகிறது. பல நாடுகளில் நடப்பதும் அதுதான் என்பதால், பிழையாகப் பிறந்தும் உண்மை பேசும் தொடர் என்று வேண்டுமானால் பாராட்டலாம்.

இந்த நெறி நமக்குத் தொலைவானதும் அல்ல. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது துணைநின்றது இதே நெறிதான். வாளியில் எண்ணெய் அள்ளியவர்களுக்குத் தீர்ப்பை விளக்க "செலுத்தும் கொள்கை" உதவாது. "மாசாக்கியவரே இறுக்கும் நெறி" என்று சொல்லலாம். "இறுத்தல்" பழையது, வாசகருக்கு விளங்காது என்பார்கள். சரி, "மாசாக்கியவரே செலவேற்கும் நெறி" என்று எழுதுங்கள். "கொள்கை"யை அரசாங்கங்களுக்கு விட்டுவிடுங்கள்.

"யார் செலுத்த வேண்டும்" என்ற கேள்வியே அரைகுறை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். டீசலுக்கு வரி போட்டால் பஸ் முதலாளி கட்டுவார். சுமப்பது மட்டக்குளியிலிருந்து கோட்டைக்கு நின்றுகொண்டு வரும் பயணி. பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் மேலங்கிக்காரர் வீதிக்கு இறங்கியதும் சுமை யார் தலையில் என்ற கேள்வியால்தான். நகரத்துக்கு வெளியே கார் இல்லாமல் வாழ முடியாதவர்கள் அவர்களில் ஏராளம். கனடாவின் காபன் வரியில் இன்னும் வேடிக்கை. அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2021 இல், அரசமைப்பின் கண்ணில் இது வரியே அல்ல, ஒழுங்குபடுத்தும் கட்டணம் என்றது. மக்கள் வாயில் அது கடைசிவரை வரிதான். குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகையின் பெயரை 2024 இல் மாற்றிப் பார்த்தார்கள்; 2025 ஏப்ரலில் பொதுமக்கள் எரிபொருளுக்குக் கட்டியதை நிறுத்தியே விட்டார்கள். அந்தத் தொகையைத் தமிழில் "காபன் தள்ளுபடி" என்று எழுதியதையும் பார்த்தேன். தள்ளுபடி என்றால் விலையில் குறைப்பது, அல்லது வழக்கைத் தள்ளுவது. வாங்கியதைத் திருப்பித் தருவதற்கு "மீளளிப்பு" என்ற நல்ல சொல் இருக்கிறது. மீளளிப்பு உண்டு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் பலரின் விடை மாறக்கூடும். தள்ளுபடி என்று கேட்டால் புடவைக்கடை ஞாபகம் வரும்.

கடைசியாக, 2025 நவம்பர் முதல் நம் கடைகளில் சொப்பிங் பைக்குக் காசு வாங்குகிறார்களே, அதற்கும் "பை வரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அயர்லாந்தில் 2002 இல் பைக்கு 15 சதம் விதித்தார்கள். அந்தப் பணம் சுற்றாடல் நிதிக்குப் போயிற்று, பைப் பாவனையும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அது வரி. இங்கே இலவசமாகக் கொடுப்பதைத் தடை செய்தார்கள், காசு கடைக்காரரிடமே தங்குகிறது. அதற்குத் தமிழில் விலை என்று பெயர்.